கல்யாணமாகி ஐந்து மாதம், ஒரு சனிக்கிழமைகூட எங்கள் கையில் இல்லை

இரட்டைச்சாவி:

புகார் சொல்ல வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு தோழியிடம் இதைப் பேச ஆரம்பித்ததுமே அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு "ஏண்டி, வீட்டில் ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டுவிட்டாள். பிரச்சனை ஒன்றும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். மூச்சுவிடத்தான் நேரமில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் ஒட்டியிருக்கிறோம். என் பக்கத்து ஆட்கள் நீல மை, அவர் பக்கத்து ஆட்கள் சிவப்பு, இருவருக்கும் பொதுவானவர்கள் பென்சில். இந்த மாதத்துப் பக்கத்தைப் பார்த்தால் ஏதோ குழந்தை கையில் பேனாவைக் கொடுத்துவிட்டு மறந்துபோனது மாதிரி இருக்கிறது. முதல் சனிக்கிழமை அவருடைய அலுவலக நண்பர் வீட்டில் விருந்து. மறுநாள் என் பெரியம்மா வீடு, மதியம் போனால் இருட்டாமல் விடமாட்டார். அடுத்த சனி என் கல்லூரித் தோழிகள், அதற்கடுத்து நாத்தனார் மகளின் பிறந்தநாள், நடுவில் ஒரு புதன்கிழமை "சும்மா எட்டிப்பார்க்க வந்தோம்" என்று வந்து பத்தரை மணிவரை இருந்த ஒரு ஜோடி. அவர்கள் அவர் பக்கத்து ஆட்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, என் பக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டு உபசரித்துக்கொண்டிருந்தார். (என் அப்பாவின் பழைய நண்பர் மகனாம்.)

இது போக போன். நன்றி சொல்ல விட்டுப்போனவர்கள், போட்டோ கேட்பவர்கள், பரிசாக வந்த மூன்று சுவர்க்கடிகாரங்களில் தாங்கள் கொடுத்தது எங்கே என்று ஹாலில் கண்ணாலேயே தேடுபவர்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே அச்சு. யார் வருகிறார்களோ அவர்கள் கொடுத்ததை எடுத்து மாட்டுவது என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம், போன மாதம் இரண்டு பேர் ஒரே நாளில் வந்துவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை ஓட்டத்திலும் எனக்குப் பிடித்தது எது என்று யோசித்துப் பார்த்தேன். விருந்து இல்லை. திரும்பி வரும் இருபது நிமிடம்தான். வாசலில் நின்று எல்லோருக்கும் கையசைத்து, தெரு திரும்பும்வரை இருவரும் முகத்தை மாற்றாமல் அப்படியே வைத்திருப்போம். திரும்பியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்போம். "அந்தக் கதையை அவர் மூன்றாவது தடவை சொன்னபோது நீ கொட்டாவியை விழுங்கினாயே, பார்த்தேன்." "நீங்கள் மட்டும் என்ன, இரண்டாவது தடவையே முதல் தடவை மாதிரி சிரித்தீர்களே, அது எப்படி?" சிக்னலில் நின்று சிரித்து, பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்திருக்கிறோம்.

கேள்வி இதுதான். எல்லா அழைப்பையும் குறைத்துக்கொள்வதா, ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எதிர்வாதி:

குறையுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முதல் ஆறு மாதம் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினால் ஏழாவது மாதம் ஒரு தடவை வரவில்லை என்று சொல்வதுகூட அவமரியாதையாகிவிடும். நாங்கள் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். மாதத்துக்கு இரண்டு அழைப்பு, அதற்கு மேல் "அடுத்த மாதம் பார்க்கலாம்". இதைச் சொல்ல வேண்டியவர் யார் என்பதும் முக்கியம். அவர் பக்கத்து ஆட்களிடம் அவர் சொல்லவேண்டும், உங்கள் பக்கம் நீங்கள். மாற்றிச் சொன்னால் "வந்த மருமகள் எங்கள் பிள்ளையை விடமாட்டேன் என்கிறாள்" என்று தொடங்கிவிடுவார்கள், அதை யாராலும் நிறுத்த முடியாது.

பழுத்தஇலை:

இரட்டைச்சாவி, அவசரப்பட்டு எதையும் குறைக்காதே கண்ணு. எனக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருடம் ஆகிறது. இந்த அழைப்பெல்லாம் தானாக நின்றுவிடும். புதுமணத் தம்பதி என்கிற மவுசு ஒரு வருடம்தான், அப்புறம் வேறு யாருக்காவது கல்யாணமாகும், எல்லோரும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். நானும் அந்த வயதில் சலித்துக்கொண்டேன். இப்போது சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் தொலைக்காட்சி ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், அழைக்க யாருமில்லை.

நீ எழுதியதில் அந்த இருபது நிமிடம் எனக்குப் பிடித்தது. எங்களிடம் அப்போது வண்டி கிடையாது, கடைசி பஸ்ஸில் வருவோம். உட்கார ஓர் இடம்தான் கிடைக்கும், நான் உட்காருவேன், அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்மேல் சாய்ந்தபடி நிற்பார், கூட்டத்தில் சத்தமாகப் பேச முடியாது, அதனால் வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமலேயே படியில் உட்கார்ந்து பேசுவோம். என்ன பேசினோம் என்று ஒன்றுகூட ஞாபகமில்லை. படி ஜில்லென்று இருந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

புதுச்செருப்பு:

நான் மறுபக்கம். கல்யாணமாகி எட்டு மாதமான புது மாப்பிள்ளை. உங்கள் கணவருக்காக ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன்: பெயர்கள்! மனைவி வீட்டில் நாற்பது பேருக்கு மேல், அதில் பாதிப் பேருக்குச் செல்லப்பெயர், மீதிப் பாதிப் பேருக்கு இரண்டு செல்லப்பெயர். போனில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். "சின்ன சித்தப்பா: உயரம், அரசியல் பேசக்கூடாது. பெரிய அத்தை: முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவேண்டும். அத்தை மகன்: வேலை பற்றிக் கேட்கவே கூடாது." ஒரு விருந்தில் என் போனை வாங்கிப் படம் பார்த்துக்கொண்டிருந்த மச்சினன் அதைக் கண்டுபிடித்து எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துவிட்டான். அன்று செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் பெரிய அத்தை மட்டும் கண் கலங்கி, "முழங்காலை ஞாபகம் வைத்துக் கேட்டது ஒரு பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டார். இப்போது என்மேல் பாசம் பொழிகிறார். சின்ன சித்தப்பா இன்னும் பேசவில்லை. (அரசியல் பேசாமலிருக்க எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது.)

கணக்குப்பிள்ளை:

களைப்பு கற்பனையா என்று சந்தேகப்படவேண்டாம். 1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு, அவற்றுக்குப் பழகிக்கொள்ள எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். துணையை இழப்பதற்கு 100. வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47. கல்யாணத்துக்கு 50. ஆமாம், வேலை போவதைவிட மூன்று அதிகம். இன்னொன்று, கல்யாணத்தைத்தான் அளவுகோலாக முதலில் வைத்துக்கொண்டு, இதோடு ஒப்பிட்டால் மற்றது எவ்வளவு என்று மக்களிடம் கேட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த, நடுவாந்தரமான பூகம்பம் என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. பட்டியலில் நல்லது கெட்டது என்ற பிரிவே கிடையாது, சந்தோஷமான மாற்றமும் மாற்றம்தான், உடம்பு அதற்கும் கூலி கேட்கும்.

அதனால் ஐந்து மாதத்தில் அசதியாக இருக்கிறது என்றால் அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். எதிர்வாதி சொன்னதில் பாதி சரி, பழுத்தஇலை அம்மா சொன்னதில் முக்கால் சரி.

எதிர்வாதி:

பாதி, முக்கால் என்று கூட்டினால் ஒன்றேகால் வருகிறது கணக்குப்பிள்ளை.

மொட்டைமாடி:

நீண்ட நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரட்டைச்சாவி, உங்கள் காலண்டரில் "கல்லூரித் தோழிகள்" என்று நீல மையில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கூட்டத்தில் கல்யாணமாகாத ஒருத்தி இருப்பாள். நான் அந்த ஒருத்தி, வேறொரு கூட்டத்தில். என் நெருங்கிய தோழிக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. அவள் என்னை மறக்கவில்லை, நியாயமாகச் சொல்லவேண்டும். நான்கு தடவை விருந்துக்குக் கூப்பிட்டாள். நான்கிலும் குறைந்தது மூன்று ஜோடிகள் இருந்தார்கள். எல்லோரும் நன்றாகப் பேசினார்கள், தட்டில் ஆளாளுக்குப் போட்டார்கள், "உனக்கு எப்போது?" என்று இரண்டு பேர்தான் கேட்டார்கள். கிளம்பும்போது ஜோடி ஜோடியாகச் செருப்பு மாட்டிக்கொண்டு போனார்கள். நான் தனியாக வண்டி வரவழைத்து வந்தேன்.

நீங்கள் எழுதிய அந்த இருபது நிமிடம் முன்பு எனக்கும் அவளுக்கும் இருந்தது. எங்கே போய்விட்டு வந்தாலும் விடுதி வாசலில் நின்று எல்லோரையும் பற்றிப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் உள்ளே போவோம். இப்போது அந்தப் பேச்சு அவளுக்கும் அவள் கணவருக்கும் நடுவில் நடக்கிறது, நடக்கவேண்டியதும் அங்கேதான், அதில் எனக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சில் நானும் இப்போது பேசப்படுகிற ஆள் ஆகிவிட்டேன் இல்லையா, "பாவம், இன்று அவள் அவ்வளவாகப் பேசவில்லை" என்று தெரு திரும்பியதும் சொல்லியிருப்பாள். அதை நினைத்தால்தான் என்னமோ போல இருக்கிறது.

குறை சொல்லவில்லை. காலண்டரில் யாரைக் குறைப்பது என்று உட்காரும்போது இதையும் யோசியுங்கள், அவ்வளவுதான்.

இரட்டைச்சாவி:

மொட்டைமாடி, இதைப் படித்துவிட்டுச் சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் கூட்டத்திலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். என் கல்யாணத்தன்று என்னைவிட அதிகமாக ஓடியவள் அவள்தான், என் போனை இரண்டு நாள் அவள்தான் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பதில் சொன்னாள். ஐந்து மாதத்தில் அவளை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்றும் கும்பலோடு. தனியாக ஒரு தடவைகூட இல்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை, மூன்று தடவை பார்த்தாயிற்றே என்று கணக்கு வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

மொட்டைமாடி சொன்னது பலருக்கும் நடப்பதுதான். ராபின் டன்பார் என்ற பேராசிரியர், ஒருவருக்குச் சுமார் 150 பேரோடுதான் உறவைப் பேணமுடியும் என்று சொன்னவர். அந்த 150க்குள்ளும் அடுக்குகள் உண்டு: நெஞ்சுக்கு நெருக்கமாக ஐந்து பேர், அதையும் சேர்த்துப் பதினைந்து, அதையும் சேர்த்து ஐம்பது. ஒருவர் வாழ்க்கையில் புதிதாகக் காதலோ துணையோ வரும்போது அந்த உள்வட்டத்திலிருந்து சராசரியாக இரண்டு பேர் வெளியே போகிறார்கள் என்று அவர் குழு கண்டது. யாரும் வேண்டுமென்று தள்ளுவதில்லை. நேரம் அங்கே போகிறது, இங்கே குறைகிறது, அவ்வளவுதான்.

அதோடு, 2018இல் ஜெஃப்ரி ஹால் என்பவரின் ஆய்வு ஒன்று வந்தது. தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம், நண்பர் ஆக 90, நெருங்கிய நட்புக்கு 200க்கு மேல். இப்போது உங்கள் காலண்டரைப் பாருங்கள். அலுவலக நண்பர் வீட்டு விருந்து மூன்று மணி நேரம், வருடத்துக்கு இரண்டு தடவை. அவர் நெருங்கிய நண்பராக முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். கல்லூரித் தோழியோடு அந்த 200 மணி நேரத்தை நீங்கள் எப்போதோ செலவழித்து முடித்துவிட்டீர்கள். சேர்த்து வைத்ததை விட்டுவிட்டுப் புதுக் கணக்கு திறந்துகொண்டிருக்கிறீர்கள்.

எதிர்வாதி:

முதல் தடவையாகக் கணக்குப்பிள்ளையோடு ஒத்துப்போகிறேன். தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

பழுத்தஇலை:

மணிக்கணக்கு எனக்குப் புரியவில்லை, ஆனால் மொட்டைமாடிப் பெண்ணே, நீ அந்தத் தோழியிடம் வாயைத் திறந்து சொன்னாயா? விருந்து வேண்டாம், நீ மட்டும் வா என்று? புதிதாகக் கல்யாணமானவர்களுக்குக் கண் தெரியாது, கொஞ்ச நாளைக்கு. நாம்தான் சொல்லவேண்டும்.

மொட்டைமாடி:

சொல்லவில்லை அம்மா. சொல்லலாம்தான்.

தூக்கம்வராதவன்:

எல்லோரும் வெளியே போவதைப் பற்றியே பேசுகிறீர்கள், தலைப்பு அதுதான் என்றாலும். வீட்டுக்குள் இருக்கும் சந்தோஷத்தை யாரும் எழுதவில்லையே? எங்களுக்கு மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடத்தில் ஞாபகமிருப்பது விருந்துகள் இல்லை. ஒரு சார்ஜர்தான் இருந்தது இரண்டு பேருக்கும். யார் போனில் எத்தனை சதவீதம் என்று இரவு பத்து மணிக்குப் பேரம் நடக்கும். பதினெட்டில் இருப்பவர் இருபத்திரண்டில் இருப்பவரிடம் கெஞ்சவேண்டும். இன்னொரு சார்ஜர் வாங்க ஒரு வருடம் ஆனது, கடை பக்கத்திலேயே இருக்கிறது, பணத்துக்கும் குறைவில்லை, என்னவோ வாங்கவில்லை. வாங்கிய அன்று இரண்டு பேரும் கொஞ்சம் சோர்ந்துபோனோம்.

ஒரே துணிக்கொடியில் இரண்டு பேர் துணியும் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டாவது சாவி வெட்டி வந்த நாளில் பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து பார்த்தது. இதெல்லாம் யாரிடம் சொல்ல முடியும், சொன்னால் சிரிப்பார்கள்.

இரட்டைச்சாவி:

சாவி! என் பெயர் அதிலிருந்து வந்ததுதான். புது வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இரண்டாவது சாவி வெட்டினோம், அது ஒழுங்காக நுழையாது, கொஞ்சம் மேலே தூக்கி இடது பக்கம் அழுத்தித் திருப்பவேண்டும். என் கைக்குத்தான் அது பழகியிருக்கிறது. அவர் அதை வைத்துத் திறக்க முயன்றால் உள்ளே இருக்கும் எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும், எழுந்து போகாமல் எத்தனை தடவை முயல்கிறார் என்று எண்ணுவேன். ஆறு வரை போயிருக்கிறது.

நீங்கள் சொன்ன மாதிரி அந்தச் சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை. அவரிடம் சொல்லலாம், ஆனால் அவரும் அதற்குள்ளேயே இருக்கிறார். வெளியில் ஒருத்தி கேட்டுச் சிரிக்கவேண்டும்.

கணக்குப்பிள்ளை:

கடைசியாக ஒன்று, அப்புறம் வாயை மூடிக்கொள்கிறேன். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கஷ்டத்தில் துணை நிற்பதைப் பற்றி எல்லோரும் ஆராய்ந்துகொண்டிருக்க, அவர் நல்ல செய்தி சொல்லும்போது எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்தார். உற்சாகமாக நாலு கேள்வி கேட்டு விரித்துப் பேசவைக்கிறவரோடு இருக்கிறவர்கள் உறவில் அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். "ம், நல்லது" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொல்வது, கிட்டத்தட்டச் சொல்லாமல் விட்டது மாதிரிதான். உங்கள் இருபது நிமிடம் ஏன் ருசிக்கிறது என்று இப்போது புரிகிறதா? போன விருந்து எப்படி இருந்தாலும் சரி, அதை ஒருவர் சொல்ல இன்னொருவர் "அப்புறம்?" என்கிறார்.

எதிர்வாதி:

என் மனைவி இதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறார். நன்றி கணக்குப்பிள்ளை.

இரட்டைச்சாவி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

எதையும் ரத்து செய்யவில்லை, அடுத்த மாதத்தில் பென்சிலில் எழுதியிருந்த ஒரு சனிக்கிழமையை மட்டும் ரப்பரால் அழித்தோம். அழைத்தவரிடம் அவரே பேசினார், எதிர்வாதி சொன்ன மாதிரி. ஒன்றும் ஆகவில்லை, அந்த வீட்டிலும் அன்று வேறு வேலை இருந்ததாம், எங்களைக் கூப்பிட்டுவிட்டோமே என்று அவர்களும் தவித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிவரை தூங்கினோம். சொர்க்கம். பதினொன்றுக்கு, மூன்று கடிகாரத்தில் எதை நிரந்தரமாக ஹாலில் மாட்டுவது என்று பேச ஆரம்பித்தோம், பன்னிரண்டுக்கு அது சண்டையாகிவிட்டது, ஒரு மணிக்கு அவர் ஆணி அடிக்கப்போய் ஆணி வளைந்து சுவரில் காசு அளவுக்குச் சுண்ணாம்பு பெயர்ந்தது. மதியம் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில். மூன்று மணிக்கு அவர் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார், என்னிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கப்பில் தூள் மிதந்தது, வடிகட்ட மறந்துவிட்டார். நான் சொல்லவில்லை, தூளை நாக்கால் ஓரமாக ஒதுக்கிக் குடித்தேன், அவர் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

ஐந்து மணிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை! இத்தனை மாதம் ஏங்கிய வெறும் சாயங்காலம் கையில் வந்ததும் இருவரும் ஜன்னல் பக்கம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் என் தோழிக்குப் போன் செய்தேன். "யார் யார் வருகிறார்கள்?" என்று கேட்டாள். யாருமில்லை, நீ மட்டும் என்றேன். ஒரு நொடி பேசவே இல்லை. அப்புறம் "அரைமணி நேரத்தில் வருகிறேன்" என்றாள், இருபது நிமிடத்தில் வந்துவிட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் பேசியிருந்துவிட்டு, ஏதோ புரிந்துகொண்டவராக உள்ளே போய்ப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பதினொரு மணிவரை பேசினோம். சாவிக் கதையைச் சொன்னேன். ஆறு தடவையா என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் அவர் உள்ளேயிருந்து "ஐந்துதான்!" என்று குரல் கொடுத்தார்.

அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்போது அவர் கேட்டார், "அவள் ஏன் முன்பெல்லாம் நம் வீட்டில் இவ்வளவு பேசியதே இல்லை?" நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன், வீடு வந்துவிட்டது, வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து சொல்லி முடித்தேன்.

மொட்டைமாடி:

நானும் சொன்னேன். வரும் வெள்ளிக்கிழமை அவள் மட்டும் வருகிறாள்.

எதிர்வாதி:

நல்லது. கடைசியில் எந்தக் கடிகாரம்?

இரட்டைச்சாவி:

பெயர்ந்த இடத்தை மறைக்கிற அளவுக்குப் பெரியது எதுவோ அது. கொடுத்தவர் யார் என்று இன்னும் தெரியவில்லை, ஐந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது.